ஐம்பதடிக் கயிறு

எங்கள் தோட்டத்து வீட்டில் ஆசாரம் என்கிற முன்கூடத்தின் மேற்குச் சுவரிலிருந்து மாடு கட்டும் கட்டுத்தரை வரை நாற்பத்தாறு அடி. பிறந்து வளர்ந்த வீட்டை நான் டேப் பிடித்து அளந்தது போன ஆடியில்தான். ஒரு முனை என் கையில், மறுமுனை அம்மா கையில். "நேரா அளந்தா எப்படி கண்ணு? பொடக்காலி வழியா வளைஞ்சுதான போகோணும், அதையுஞ் சேத்து அள" என்றார். பொடக்காலி என்றால் குளிக்கிற புழக்கடை. அதையும் சேர்த்து அளந்தோம். நாற்பத்தொன்பது வந்தது.

அம்மா மூக்கில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் குழாய் ஐம்பது அடி. அதற்கு மேல் நீட்டினால் மெஷினில் வைத்த அளவு மூக்குக்கு வந்து சேராது என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஆக, ஒரு அடி மிச்சம். அந்த ஒரு அடிக்கு அம்மா முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

காங்கேயத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், ஒரு கிணறு, பத்திருபது தென்னை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வருவேன். அப்பா போன பிறகு பதினொரு வருடமாக அம்மா தனியாகத்தான் இருந்தார். தனியாக இருப்பது கஷ்டம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவருக்கு வந்திருப்பது சிஓபிடி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பார்க்க வந்த ஒறம்பரை அத்தனை பேரும் கேட்டது ஒன்றுதான்: "அது பீடி குடிக்கறவங்களுக்கு வர்றதாச்சே?" அம்மா பீடியைத் தொட்டதில்லை. ஆனால் நாற்பத்தைந்து வருடம் ஊதாங்குழலைத் தொட்டிருக்கிறார். வேலா விறகு, தென்னை மட்டை, மழைக்காலத்தில் ஈரம் போகாத பருத்திமார். சோற்றுக்கு ஒரு அடுப்பு, குளிக்க வெந்நீருக்கு ஒரு அடுப்பு, நெல் அவிக்கிற காலத்தில் வாசலில் இன்னொன்று. சமையல்கட்டுக்கு ஒரே ஜன்னல், பனிக்கு அடைத்த சாக்கு வெயில் காலத்திலும் அப்படியே இருக்கும். கேஸ் வந்த பிறகும் "களி அதுல வேகாது" என்று விறகடுப்பை விடவில்லை. நாங்களும் அந்தக் களியைத்தான் ருசித்துச் சாப்பிட்டோம்.

எட்டு வருடமாக அதற்குப் பேர் 'எளப்பு'. பக்கத்து ஊரில் ஒரு டாக்டர், ஒரு ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை, சரியாகிவிடும். அடுத்த பனிக்கு மறுபடி. ஊதிப் பார்க்கும் சோதனையை யாரும் செய்யச் சொன்னதில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. ஸ்பைரோமெட்ரி என்பது பெரிய விஷயமே இல்லை. நெஞ்சு நிறைய இழுத்து ஒரு குழாயில் முழு மூச்சையும் ஊத வேண்டும். ஊதிய மொத்தத்தில் முதல் நொடியில் எவ்வளவு வெளியே வந்தது என்று பார்ப்பார்கள். மருந்து இழுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காற்றுப்பாதையில் அடைப்பு. அம்மாவுக்கு 46. இதை எட்டு வருடம் முன்னாலேயே ஊதிப் பார்த்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

போன வருடம் தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் எழுந்ததும் தலை கனமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன், போனில். ஒரு வெடியால பக்கத்துத் தோட்டத்துச் சின்னம்மா கூப்பிட்டார். அம்மா பற்றவைக்காத அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம்.

கோவைக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டு நாடியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அது சாதாரண ஊசி மாதிரி இல்லை, நன்றாக வலிக்கும். ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு ஏறிக் கிடந்தது. டாக்டர் படம் போட்டு விளக்கினார். நான் எனக்குப் புரிகிற மாதிரி வைத்துக்கொண்டது இது: தைப்பூசத்தன்று பழனி பஸ். உள்ளே இருப்பவர் இறங்கினால்தான் வெளியே நிற்பவர் ஏற முடியும். அம்மா நெஞ்சுக்குள் இறங்க வேண்டிய காற்று இறங்கவில்லை, அதனால் ஏற வேண்டியது ஏறவில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் ஏற முடியாமல் நின்ற கூட்டத்தை மட்டும்தான்.

தொண்டையில் குழாய் போடாமல் பைபேப் மெஷின் வைத்தார்கள். முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க். மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தத்தில் காற்றைத் தள்ளும், விடும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். சோர்ந்துபோன நெஞ்சுச் சதைகளின் வேலையில் பாதியை அது செய்துவிடுவதால், தங்கிக் கிடந்த காற்று வெளியே போகிறது. இரண்டாம் நாள் அம்மாவுக்குத் தெளிவு வந்தது. முதல் பேச்சே "இந்த வாய்க்கூட்டக் கழட்டி உடுங்க" என்பதுதான். தாம்படிக்கிற மாட்டுக்கு வாயில் கட்டுவோமே, அந்தக் கூடு. இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பேர்.

பக்கத்துப் படுக்கையில் பல்லடம் பக்கத்துக்காரர் ஒருவர், முப்பது வருடம் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில் வேலை பார்த்தவர். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை பஞ்சுக்குள் நுழைந்தால் நெஞ்சு பிடிக்குமாம், செவ்வாய் புதனில் பழகிவிடுமாம். பஞ்சுத் தூசி நோய்க்கே உரிய அடையாளம் அது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவரும் அம்மாவும் மாஸ்க்கைக் கழற்றுகிற நேரத்தில் மழை, மாடு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். புகையைப் பற்றியோ பஞ்சைப் பற்றியோ இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது எங்களோடு மூன்று சாமான்கள் வந்தன. ராத்திரிக்குப் பைபேப், பகலுக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரை ஆக்சிஜன் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர், கரன்ட் போனால் என்று ஒரு சின்ன சிலிண்டர். அக்கா வந்து தங்கினாள். ஆசாரத்தில் கட்டில். அடுப்பங்கரைக்கு வரக்கூடாது, கட்டுத்தரைக்குப் போகக்கூடாது, பொடக்காலிக்குத் தனியாகப் போகக்கூடாது. இந்த 'கூடாது'களில் பாதி டாக்டர் சொன்னது, மீதி நாங்களே சேர்த்தது.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். யார் பார்ப்பது என்று எருமையையும் கன்றையும் விற்றுவிட்டேன். அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது அது கத்தியது ஆசாரத்துக்குக் கேட்டிருக்கிறது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "என்னையுஞ் சேத்து ஓட்டியிருக்கலாமல்ல" என்றார். இதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மாதமும் நாங்கள் அம்மாவைப் பார்க்கவே இல்லை, விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 91 என்று காட்டினால் அக்கா எனக்குப் போன் செய்வாள். இந்த மாதிரி நோயாளிக்கு 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றுவதுதான் ஆபத்து என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். கோவிட் காலத்தில் 94, 95 என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏறவில்லை. ஒரு நாள் பார்க்க வந்த மாமா, மெஷினில் அளவு காட்டும் குண்டு ஒன்றரை லிட்டரில் மிதப்பதைப் பார்த்துவிட்டு, "அஞ்சு வரைக்கும் இருக்குதல்ல, எதுக்கு இத்தனை கஞ்சத்தனம்?" என்று நாலுக்குத் திருகிவிட்டுப் போய்விட்டார். பொழுது சாய, நாங்கள் எழுப்ப எழுப்ப அம்மா மயங்கி மயங்கித் தூங்கினார். அதிக ஆக்சிஜன் கிடைத்தால் இவர்களுக்குக் கார்பன்-டை-ஆக்சைடு மறுபடி ஏறும். குறைத்து வைத்து, பைபேப் மாட்டி, விடியும்வரை நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் அந்தத் திருகாணி மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். மாமாவின் மேல் கோபம் இல்லை. பாசத்தைக் காட்ட அவருக்குக் கிடைத்தது அந்தத் திருகாணிதான்.

மாற்றம் வந்தது மருந்தாலும் இல்லை, மெஷினாலும் இல்லை என்றால் மிகையாகிவிடும். மெஷின் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. ஆனால் திருப்பியது பிசியோதெரபிக்கு வந்த ஒரு பெண்பிள்ளை. இருபத்தைந்து வயது இருக்கும். எட்டு வாரம், வாரத்தில் இரண்டு நாள் நுரையீரல் பயிற்சி என்று டாக்டர் எழுதியிருந்தார். படுத்திருக்கிறவருக்கு என்ன பயிற்சி என்று நான் நினைத்தேன். அந்தப் பெண் எங்கள் யாரையும் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து முதலில் கேட்டது, "உங்களுக்கு என்னம்மா செய்யோணும்னு ஆசை?"

அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நானே தண்ணி வாத்துக்கோணுஞ் சாமி" என்றார். மகள் குளிப்பாட்டி விடுவதில் அவருக்கு இருந்த கூச்சம் எங்களுக்குத் தெரியாமலே போயிருந்தது.

முதலில் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தாள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் மெல்ல ஊத வேண்டும். "ஊதாங்குழல்ல ஊதற மாதிரியா?" "அது வேகமுங்கம்மா. கங்கு மேல சாம்பல் பறக்காம ஊதுவீங்களே, அப்படி." அம்மா உடனே பிடித்துக்கொண்டார். இந்த நோயில் மூச்சை விடும்போது சின்னச் சின்னக் காற்றுக்குழாய்கள் பாதியிலேயே மூடிக்கொள்கின்றன. உதட்டைக் குவித்தால் உள்ளே ஒரு எதிர் அழுத்தம் நின்று அவற்றைத் திறந்து வைக்கும், அடைந்து கிடக்கும் காற்று முழுசாக வெளியேறும். நெஞ்சைக் கெடுத்த ஊதலையே கொஞ்சம் மாற்றி ஊதச் சொன்னார்கள். இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை, "ஆமா" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் குளியல். பொடக்காலியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தண்ணீர்க் குண்டா தரையில் வேண்டாம், ஸ்டூல் மேல். கையைத் தூக்கித் தலைக்கு ஊற்றுவதுதான் மூச்சை அதிகம் வாங்கும், அதனால் தலைக்குக் குளிப்பது வேறு நாளைக்கு. துடைத்துக்கொள்ளாமல் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவது. குனியும்போது மூச்சை விடுவது, நிமிரும்போது இழுப்பது. குளிக்கும்போதும் மூக்கில் குழாய் இருக்கலாம் என்பதே எங்களுக்குப் புதிது. மெஷின் ஆசாரத்தில் இருக்கும், குழாய் மட்டும் கதவிடுக்கில் வரும். மூன்றாவது வாரம் அக்காவை வெளியே நிறுத்திவிட்டுத் தாழ்ப்பாள் போட்டார். கதவைத் தாழ் போடாதீர்கள் என்று அக்கா கத்தினாள். பத்து நிமிடம். உள்ளே தண்ணீர் விழும் சத்தம், நடுவில் நீளமாக ஊதும் சத்தம்.

ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்பது இதற்கு அளவுகோல். ஆரம்பத்தில் 130, எட்டு வாரம் முடிவில் 215. நுரையீரல் ஒரு துளிகூடச் சரியாகவில்லை, ஸ்பைரோமெட்ரியில் அதே 46-தான். நடந்தது கால் சதை. படுக்க வைத்தே நாங்கள் கரைத்துவிட்ட சதை.

தினமும் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்பது கணக்கு. 1980-லும் 81-லும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோனவர்களுக்கு நீண்ட நேரம் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று அவை காட்டின. மூச்சு வாங்குகிற எல்லாருக்கும் இது தேவை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாமலே மூச்சு வாங்கலாம், அவர்களுக்கு இந்த மெஷினால் பெரிய பயன் கிடையாது. இதைச் சொல்லக் காரணம் உண்டு: பக்கத்து ஊரில் இரண்டு பேர் எங்கள் மெஷினைப் பார்த்துவிட்டு விலை கேட்டார்கள். முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பினேன்.

மெஷினுக்குள் எந்த ஆக்சிஜனும் அடைத்து வைக்கவில்லை. அறைக் காற்றை இழுத்து, ஜியோலைட் என்ற மணிகள் வழியாக அழுத்தும். மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், மிச்சம் வருவது தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். சில நொடிக்கு ஒருமுறை புஸ்ஸென்று விடும். முதல் வாரம் தூக்கம் கெட்டது, இப்போது அது நின்றால்தான் விழிப்பு வருகிறது.

கரன்ட்தான் தலைவலி. எங்கள் மெஷின் 350 வாட். பதினாறு மணி நேரம் ஓடினால் ஐந்தரை யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதப் பில்லில் முன்னூற்று முப்பது யூனிட் இது மட்டுமே. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை நிறுத்தும் நாளில், வீட்டு இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கும். மீதிக்கு சிலிண்டர். 1,500 லிட்டர் அடைக்கும் சின்ன சிலிண்டர், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்றால் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வரும். இந்தக் கணக்கை அம்மாவும் போடுவார், என்னைவிட வேகமாக. ராகி மூட்டைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் போட்டுப் பழகிய மனக்கணக்கு.

நெருப்பு விஷயத்தில் மட்டும் சண்டை வந்தது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதை வெறிகொண்டு எரிய வைக்கும். சேலையிலும் தலைமுடியிலும் அது தங்கியிருக்கும். விறகடுப்பை இடித்தே விட்டோம். ஆனால் சாமி விளக்கு? பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: பொழுது சாயும்போது மெஷினை நிறுத்துவது, குழாயைக் கழற்றி வைப்பது, வாசலில் சித்த நேரம் காற்றாட உட்கார்வது, பிறகு போய் விளக்கேற்றுவது, அது மலையேறிய பிறகே மறுபடி மாட்டுவது. இன்னொன்று தேங்காய் எண்ணெய். குழாயால் மூக்கு வறண்டு எரிகிறது என்று அம்மா இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். காங்கேயத்துக்காரர் வேறு எதை விடுவார்? எண்ணெய்ப் பசையும் தைலமும் ஆக்சிஜன் பக்கத்தில் ஆகாது, உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து போதும் என்றார்கள். கொப்பரைக் களத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவரிடம் தேங்காய் எண்ணெய் கெடுதல் என்று சொல்ல அக்காவும் நானும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம்.

போன சித்திரையில் அக்கா அவள் வீட்டுக்குப் போனாள், அம்மாதான் போகச் சொன்னார். ராத்திரிக்குச் சின்னம்மா வந்து படுத்துக்கொள்வார். பகலில் அம்மாவும் மெஷினும். அப்போது குழாய் பதினைந்து அடிதான். ஆசாரம், சமையல்கட்டு வாசல், பொடக்காலி, அவ்வளவுதான். "கன்னுக்குட்டிய மொளைக்குச்சில கட்டுனாப்பல இருக்குது" என்று ஒரு நாள் சொன்னார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை, ஒரு விவரம் சொல்லும் தொனி. எனக்கு உறைத்தது இரண்டு மாதம் கழித்து. கயிற்றை நீளமாக விட்டால் கன்று எட்டி மேயும்! அதற்குத்தான் ஆடியில் டேப்பைத் தேடினேன்.

ஐம்பதடி வந்த பிறகு அம்மா முதலில் போனது கட்டுத்தரைக்கு. அங்கே இரண்டு வெள்ளாடு மட்டும். எருமை கட்டியிருந்த மொளைக்குச்சியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போடுவது அவர் வேலை. ஒரு தடவை ஆடு குழாயையே கடித்துப் பார்த்தது. அன்றிலிருந்து மாற்றுக் குழாய் ஒன்று ஆணியில் தொங்குகிறது.

கையில் தூக்கிப் போகிற மெஷின் ஒன்று உண்டு. இரண்டரைக் கிலோ, தோளில் மாட்டும் பை, பேட்டரி. விலை லட்சத்துக்கு மேல் என்பதால் நாங்கள் நாள் வாடகைக்கு எடுத்தோம். அது தொடர்ந்து காற்று விடாது, மூக்கால் மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு விடும். அதில் 'இரண்டு' என்று வைத்தால் அது இரண்டு லிட்டர் இல்லை. நடக்கவிட்டு, விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, யாருக்கு எந்த எண் போதும் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். அந்தப் பெண்பிள்ளையே வந்து வாசலில் நடக்கவிட்டு வைத்துக் கொடுத்தாள்.

எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். நான் நினைத்தது கோயில், இல்லை அக்கா வீடு. "கண்ணபுரத்துக்கு" என்றார்.

கண்ணபுரம் மாரியம்மன் நோம்பியை ஒட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காங்கேயம் மாடுகளுக்கென்றே கூடுவது. புழுதி, வெயில், கூட்டம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், எருமை ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். டாக்டரைக் கேட்டதற்கு வெயில் ஏறுவதற்குள் போய் வாருங்கள், மாஸ்க் போடுங்கள், இன்ஹேலர் கையில் இருக்கட்டும் என்றார். மெஷினும் நாற்பது டிகிரிக்கு மேல் தாங்காது.

இந்தச் சித்திரையில் ஆறரை மணிக்கே போய்விட்டோம். அம்மா முப்பதடி நடப்பார், நின்று யாருடைய வண்டியிலாவது சாய்ந்து ஊதுவார், மறுபடி நடப்பார். நின்ற இடத்திலெல்லாம் மாடு பார்த்தார். ஒரு செவலைக் கிடாரியிடம் வந்து நகரவில்லை. வாயைப் பிளந்து பல் பார்த்தார், திமிலைத் தொட்டார், பின்னால் போய்க் கால் வைப்பைப் பார்த்தார். "பால் கறக்கற எருமையா வாங்கலாமுங்ம்மா, இது எத்தன கறக்கப் போவுது?" என்றேன். "உன்ற சோலியப் பாரு" என்றார்.

தரகர் துண்டை விரித்து என் பக்கம் கையை நீட்டினார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது இன்னும் இருக்கிறது. அம்மா என் கையைத் தட்டிவிட்டு, தன் கையைத் துண்டுக்குள் விட்டார். தரகர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். துண்டு ஆடியது. அம்மா உதடு பேசிக்கொண்டே இருந்தது: இல்லீங்க, அது ஆகாதுங்க, சுழி பாத்தீங்களா, இன்னொருக்காப் புடிங்க. பேசிக்கொண்டே இருந்தால் மூக்கால் மூச்சு இழுக்காது, மூச்சு வரவில்லை என்று மெஷின் கத்தும். கத்தியது. தரகர் பயந்து கையை உருவிக்கொண்டார்.

அம்மா வாயை மூடி, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து நிதானமாக ஊதினார். மெஷின் அடங்கியது.

"அது எம்பட மூச்சுக்குக் கத்துதுங்க, உங்க வெலைக்கில்ல. கையைக் குடுங்க."